ஒரே காலேஜ், ஒரே கார். அம்மாவுக்கு ஒரு வழி, மகளுக்கு வேறு வழி

வாசகர் கேள்வி:

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் ஒன்பது வருடமாக இருக்கிறோம். நான் திருச்சியில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்து, இரண்டு வருடம் ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். கல்யாணம், குழந்தைகள், எச்-4 (கணவரின் வேலை விசாவைச் சார்ந்த விசா) என்று காலம் போய்விட்டது. கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) அப்ரூவ் ஆகி, இப்போது என் கையில் இஏடி (வேலை அனுமதி அட்டை) இருக்கிறது. எண்பது கம்பெனிக்காவது விண்ணப்பித்திருப்பேன். ஒரு போன்கூட வரவில்லை. மூத்த மகள் இந்த வருடம் பன்னிரண்டாவது முடிக்கிறாள். அவள் கேட்ட யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகம் எதுவும் கிடைக்கவில்லை. அவளுக்கும் பயோடெக்தான் ஆசை. இருவருமே இங்குள்ள ஓலோனி கம்யூனிட்டி காலேஜில் பயோடெக் சேர்ந்தால் என்ன என்று யோசிக்கிறேன். ஒரே காரில் போய்வரலாம், ஒரே வகுப்பில் உட்காரலாம். ஊரில் சொன்னால் "அது நம்ம ஊர் ஐடிஐ மாதிரிதானே" என்கிறார்கள். செய்யலாமா?
— பெயர் வேண்டாம், ஃப்ரீமாண்ட்

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாக ஒரே காரில் போய்வாருங்கள். காலேஜ் வாசலில் இறங்கியதும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுங்கள்.

கம்யூனிட்டி காலேஜ் (பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) பயோடெக் என்றாலே "வேலைக்கும் உதவும், பல்கலைக்கழக டிரான்ஸ்ஃபருக்கும் உதவும்" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். டிரான்ஸ்ஃபர் என்றால் முதல் இரண்டு வருடத்தை இங்கே முடித்துவிட்டு மூன்றாம் வருடத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுவது. பொய் இல்லை. ஆனால் வேலைக்கு உதவும் பாடங்கள் வேறு, டிரான்ஸ்ஃபருக்கு உதவும் பாடங்கள் வேறு. இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் கட்டி இழுத்தால் மூன்று நான்கு வருடம் ஓடிவிடும், இரண்டிலும் பாதிதான் தேறும். உங்களுக்கு வேண்டியது முதலாவது. மகளுக்கு வேண்டியது இரண்டாவது.

முதலில் உங்கள் விஷயம். நான் சவுத் சான் ஃபிரான்சிஸ்கோவில் க்வாலிட்டி கன்ட்ரோல் (க்யூசி) லேபில் இருபது வருடமாக இருப்பவன். ஜெனன்டெக் 1976-இல் தொடங்கிய நாளிலிருந்து பயோடெக் கம்பெனிகள் அடுக்கடுக்காக முளைத்த ஊர் இது. வேலைக்கு வரும் ரெஸ்யூமேக்களைப் படிப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. உங்களுடையது என் மேஜைக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். எம்.எஸ்சி. என்பதைப் பார்த்து நிமிர்ந்திருப்பேன். அதற்குக் கீழே பத்து வருடத்துக்கு மேல் வெற்றிடம் என்பதைப் பார்த்து ஓரமாக வைத்திருப்பேன். உங்கள் அறிவின் மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது. கையின் மேல்தான் சந்தேகம்.

நம் ஊர் பிராக்டிகல் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், நீங்களே நடத்தியிருக்கிறீர்கள். ஆறு பேருக்கு ஒரு பேட்ச். ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர். தைரியமான ஒருத்தி செய்வாள், ஒருவன் ரீடிங் சொல்வான், மற்ற நால்வரும் எழுதிக்கொள்வார்கள். நான் மதுரையில் படித்தபோது எழுதிக்கொண்ட நால்வரில் ஒருவன். புரோட்டீனை ஜெல்லில் பிரித்துக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டின் தத்துவத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு ஜெல்லைக்கூட என் கையால் ஊற்றியதில்லை.

இங்கே இன்டர்வியூவுக்கு வருபவர்களிடம் நான் ஒரு சின்ன வேலை கொடுப்பது வழக்கம். 200 மைக்ரோலிட்டர் பிப்பெட்டில் (திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் எடுத்து, அனலிட்டிகல் பேலன்ஸில் வைத்த சின்னக் குப்பியில் விட வேண்டும். பத்து முறை. ஒவ்வொரு முறையும் 0.1 கிராமை ஒட்டி வர வேண்டும். நான் எண்ணைப் பார்ப்பதற்கு முன் கட்டை விரலைப் பார்ப்பேன். அதன் பொத்தானுக்கு இரண்டு நிறுத்தம்: முதலாவது அளந்து எடுக்க, இரண்டாவது கடைசித் துளியை வெளியே தள்ள. பழகிய கை முதல் நிறுத்தம்வரை அழுத்தி, முனையைத் தண்ணீரில் கொஞ்சமாக மட்டும் நுழைத்து, விரலை மெதுவாக விடும். பழகாத கை இரண்டாவது நிறுத்தம்வரை அழுத்திவிட்டுத் தண்ணீரை எடுக்கும், அல்லது விரலைப் படக்கென்று விட்டுக் குமிழியை உள்ளே இழுக்கும். சித்திரமும் கைப்பழக்கம் என்பார்களே, அதேதான். மூன்றாவது துளியிலேயே எனக்குத் தெரிந்துவிடும். நான்கு வருடப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் இதில் தடுமாறுவதையும், கம்யூனிட்டி காலேஜில் இரண்டு செமஸ்டர் சர்டிபிகேட் முடித்த நாற்பது வயதுக்காரர் அலட்டாமல் முடித்து வைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, பிப்பெட்டைவிட முக்கியமானது: எழுதுவது.

நமக்கு இரண்டு நோட்டு பழக்கம். லேபில் அப்சர்வேஷன் நோட்டில் கிறுக்குவோம். வீட்டுக்கு வந்து ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக எழுதுவோம். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அழகைப் பார்த்து மதிப்பெண் போடுவார். இந்தப் பழக்கத்தோடு நான் அமெரிக்காவில் முதல் வேலைக்குப் போனேன். ஒரு நாள் பஃபர் தயாரிக்கும்போது பேலன்ஸ் காட்டிய எடையைப் பக்கத்தில் கிடந்த பேப்பர் டவலில் குறித்துக்கொண்டேன். மேஜைக்கு வந்து பேட்ச் ரெக்கார்டில் முத்து முத்தாக எழுதினேன். மறுநாள் க்வாலிட்டி பிரிவு அம்மையார் அந்த டவலைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். எண் இரண்டிலும் ஒன்றுதான். ஆனாலும் டீவியேஷன் ரிப்போர்ட் (விதிமீறல் அறிக்கை), விசாரணை, மறுபயிற்சி எல்லாம் நடந்தது. மருந்து தயாரிக்கும் இடத்தில் எண் பிறந்த இடமே அதன் வீடு. பார்த்த நொடியில், பார்த்தவர் கையால், அழியாத மையில், அதற்குரிய தாளில் எழுத வேண்டும். தப்பாகிவிட்டால் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது தெரியும்படி. பக்கத்தில் சரியான எண், இனிஷியல், தேதி. அழகாக நகல் எடுப்பது இங்கே நல்ல பெயர் வாங்கித் தராது, எதையோ மறைக்கிறோமோ என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

ஜிஎம்பி (மருந்து தயாரிப்பின் நல்ல நடைமுறைகள்) என்று பாடத்திட்டத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான். எந்தப் பாடத்தை விட்டாலும் அதை விடாதீர்கள். அதோடு கரைசல் தயாரிப்புக் கணக்கு. எம்.எஸ்சி. படித்த உங்களுக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். பத்து மடங்கு டிரிஸ் பஃபர் இருக்கிறது, ஒரு மடங்கில் 2 லிட்டர் வேண்டும், எவ்வளவு எடுப்பாய் என்று கேட்டால் 200 மில்லிலிட்டர் எடுத்து 1,800 தண்ணீர் சேர்ப்பேன் என்று பேப்பர் தேடாமல் வர வேண்டும். அதன்பின் செல் கல்ச்சர், புரோட்டீன் பிரித்தெடுத்தல், எலிசா பரிசோதனை. இன்டர்ன்ஷிப் கிடைத்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள், உங்களிடம் இஏடி இருப்பதால் தடை இல்லை. இஏடி காலாவதித் தேதியை மட்டும் காலண்டரில் சிவப்பில் வட்டமிட்டு வையுங்கள். புதுப்பித்தல் இழுத்தடித்தால் நடுவில் வேலை நின்றுபோகும்.

உங்களுக்கு அசோசியேட் டிகிரி (கம்யூனிட்டி காலேஜின் இரண்டு வருடப் பட்டம்) தேவையில்லை. அதில் ஒரு பெரும் பகுதி இங்கிலீஷும் ஹிஸ்டரியும் போல பொதுப் பாடங்கள். உங்கள் திருச்சிப் பட்டங்களை ஒரு மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து அமெரிக்கச் சமநிலைச் சான்று வாங்குங்கள். அதையும் சர்டிபிகேட்டையும் சேர்த்து வைத்தால் என் போன்றவர்களின் மேஜையில் "பட்டமும் இருக்கிறது, கையும் சமீபத்தில் வேலை செய்திருக்கிறது" என்று படிக்கப்படும். செலவைப் பொறுத்தவரை, கலிஃபோர்னியாவில் ஓராண்டுக்கு மேல் குடியிருந்து அதை நிரூபிக்க முடிந்தால் எச்-4 ஆனாலும் ரெசிடென்ட் கட்டணம்தான், அதாவது மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணம். யூனிட்டுக்கு 46 டாலர். நாலு யூனிட் பாடம் 184 டாலர். பல்கலைக்கழக எக்ஸ்டென்ஷன்களில் இதே போன்ற சான்றிதழுக்குப் பல மடங்கு வாங்குகிறார்கள். ரெகுலேட்டரி மாதிரி படித்துத் தெரிந்துகொள்ளும் பாடங்களுக்கு அவை நல்லவை. பிப்பெட் பிடிக்க நான் அங்கே போகச் சொல்ல மாட்டேன்.

சேரும் முன் அந்தத் துறை ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மெயில் எழுதி நேரில் போய்ப் பாருங்கள். போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். கம்பெனிப் பெயரும் வேலைப் பெயரும் சொல்லி அவர் விரல் விட்டு எண்ணினால் சேரலாம். "நிறைய வாய்ப்பு இருக்கிறது" என்று பொதுவாகப் பேசினால் வேறு காலேஜ் பாருங்கள். சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜ், சான் புரூனோவில் ஸ்கைலைன், பெர்க்லி சிட்டி காலேஜ், ஓக்லண்டில் லேனி என்று வளைகுடாப் பகுதியில் வேறு வாசல்களும் உண்டு.

கசப்பான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கடந்த சில வருடங்களாக இங்கே பயோடெக் கம்பெனிகள் ஆட்களைக் குறைத்திருக்கின்றன. அனுபவமுள்ளவர்களும் அதே டெக்னீஷியன் வேலைக்கு வரிசையில் நிற்கிறார்கள். முதல் வேலை பெரும்பாலும் ஏஜென்சி மூலம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று கான்ட்ராக்டாக வரும். மானுஃபாக்சரிங் என்றால் ஷிப்ட். பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் இரவு. தலை முதல் கால்வரை கவுன் மாட்டிக்கொண்டு க்ளீன்ரூமில் நிற்க வேண்டும், நடுவில் போன் எடுக்க முடியாது. இளைய பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். க்யூசி லேப் என்றால் பகல் வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம், அதற்குத்தான் போட்டியும் அதிகம். "மீடியா பிரெப்", "பஃபர் பிரெப்" என்று விளம்பரம் வந்தால் சமையல்கட்டு வேலை மாதிரி இருக்கிறதே என்று ஒதுக்காதீர்கள். உள்ளே நுழைய அதைவிட நல்ல கதவு எனக்குத் தெரியவில்லை.

(தோழிகள் சிலர் "சிஎல்எஸ் பண்ணு" என்று சொல்லியிருப்பார்கள். அது ஆஸ்பத்திரி லேப். அதற்குக் கலிஃபோர்னியாவில் தனி லைசன்ஸ், தனிப் பாடத் தேவைகள், ஒரு வருடப் பயிற்சி. நல்ல வேலை. ஆனால் அது வேறு ரயில், இந்த சர்டிபிகேட் அங்கே செல்லாது.)

இனி மகள்.

அவள் பயோடெக் துறைப் பக்கம் இப்போதைக்கு அதிகம் போக வேண்டாம் என்பேன். ஆச்சரியமாக இருக்கும். டிரான்ஸ்ஃபரில் யூசி பார்ப்பது அடிப்படைப் பாடங்களை: ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, கால்குலஸ், பிசிக்ஸ், மேஜர் மாணவர்களுக்கான பயாலஜி வரிசை. நீங்கள் எடுக்கப்போகும் ஜிஎம்பியும் பிப்பெட் பயிற்சியும் அங்கே பெரும்பாலும் வெறும் எலெக்டிவ் யூனிட்டாகத்தான் கணக்காகும், கேட்ட பாடத்தின் இடத்தை நிரப்பாது. ஆசையாக பயோடெக் பாடங்களை அடுக்கிவிட்டு, இரண்டாம் வருடம் முடிவில் ஆர்கானிக் பாக்கி என்று நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

அவள் கடிகாரத்தை ஓட்டுவது கெமிஸ்ட்ரி. ஜெனரல் இரண்டு பாகம், ஆர்கானிக் இரண்டு பாகம். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. நாலு செமஸ்டர், அதாவது சரியாக இரண்டு வருடம். முதல் செமஸ்டரிலேயே ஜெனரல் முதல் பாகத்தில் உட்கார்ந்தாக வேண்டும். பள்ளியில் கெமிஸ்ட்ரி பலவீனமாக இருந்து ஆயத்தப் பாடம் எடுக்கச் சொன்னால் அதை இந்தக் கோடையிலேயே முடித்துவிடட்டும். இல்லாவிட்டால் ஒரு செமஸ்டர் பிந்தி, சில காலேஜில் அடுத்த பாகம் வருடத்துக்கு ஒரு முறைதான் என்பதால், கதை மூன்று வருடமாகிவிடும். இந்த வகுப்புகளில் இடமும் சீக்கிரம் நிரம்பும். ரெஜிஸ்ட்ரேஷன் திறக்கும் நாளில் காலையிலேயே கம்ப்யூட்டர் முன்னால் இருக்க வேண்டும். வெயிட்லிஸ்ட் ஆனால் முதல் நாள் வகுப்புக்கு நேரில் போய் நிற்க வேண்டும்.

எந்தக் காலேஜின் எந்தப் பாடம் எந்த யூசியில் எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் என்ற அரசுத் தளம் பாடம் பாடமாகக் காட்டும். கவுன்சிலர் சொன்னார், அண்ணன் பையன் சொன்னான் என்று எதையும் எடுக்காமல், அவள் போக நினைக்கும் மூன்று பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அதில் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். யூசி டேவிஸில் பயோடெக்னாலஜி என்றே ஒரு மேஜர் இருக்கிறது. மற்ற இடங்களில் மாலிக்யூலர் பயாலஜி, பயோகெமிஸ்ட்ரி என்ற பெயரில் இதே படிப்பு கிடைக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2025 இலையுதிர் பருவத்திலிருந்து பொதுப் பாடங்களுக்கு கால்-கெட்சி என்ற புதுத் தொகுப்பு வந்திருக்கிறது. அறிவியல் மேஜருக்கு அதை முழுவதும் முடிப்பதைவிட மேஜர் பாடங்களை முடிப்பதுதான் முதல் வேலை.

இரண்டு வருடம் என்கிறோமே தவிர, தீர்மானம் ஆவது முதல் வருடத்தில்தான். டேக் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு யூசிகளில் ஒன்றே ஒன்றுக்கு, அவர்கள் கேட்கும் மதிப்பெண்ணும் பாடங்களும் இருந்தால், இடம் உறுதி என்று முன்கூட்டியே எழுதி வாங்கலாம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ அதில் இல்லை. அதற்கான விண்ணப்பம் இரண்டாம் வருடத் தொடக்கத்தில், செப்டம்பர் 1 முதல் 30 வரை. அதாவது இந்த ஆகஸ்டில் சேர்ந்தால், பதின்மூன்று மாதத்தில் காகிதம் கையில் இருக்க வேண்டும். முதல் வருடம் பழகிக்கொள்ளலாம் என்று கால்குலஸில் சி வாங்க நேரமே இல்லை.

உங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரிய ஒரு முள் இருக்கிறது, அதை நீங்கள் கடிதத்தில் தொடவில்லை. அவளும் எச்-4 என்றால், உங்களுக்குக் கிடைத்த இஏடி அவளுக்குக் கிடையாது. அது மனைவி அல்லது கணவருக்கு மட்டும். சம்பளத்துடன் கூடிய இன்டர்ன்ஷிப்புக்கு அவளால் போக முடியாது. 21 வயது முடிந்ததும் எச்-4 அந்தஸ்தும் போய்விடும். கிரீன் கார்டு அதற்குள் வராவிட்டால் எஃப்-1 மாணவர் விசா போல வேறு ஒன்றுக்கு மாற வேண்டும். அவள் யூசியில் மூன்றாம், நான்காம் வருடம் படிக்கும் நேரம் அது. அந்தஸ்து மாறினால் ரெசிடென்ட் கட்டணம் தொடருமா என்ற கேள்வி எழும். யூசியில் வெளியார் கூடுதலாகக் கட்டுவது வருடத்துக்கு 30,000 டாலருக்கு மேல். இதில் நான் ஆலோசனை சொல்லத் தகுதியானவன் இல்லை. ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து இந்த மாதமே கேளுங்கள்.

அந்தக் கணக்கு இருப்பதால்தான் கம்யூனிட்டி காலேஜ் உங்களுக்கு இன்னும் பொருந்துகிறது. டிரான்ஸ்ஃபருக்கு வேண்டிய 60 யூனிட்டும் 46 டாலர் வீதம் 2,760 டாலர். புத்தகம், சில்லறைக் கட்டணம் தனி. மிச்சமாகும் பணம் பின்னால் தேவைப்படலாம்.

உறவினர் சொன்ன ஐடிஐ பேச்சுக்கு: எனக்கு அந்த ஒப்பீட்டில் கோபம் வரவில்லை. ஐடிஐ படித்த ஃபிட்டரும் டர்னரும் இல்லாமல் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் செட் வெளியே வராது. ஆனால் மகள் விஷயத்தில் ஒப்பீடு தப்பு. டேவிஸில் பட்டம் வாங்கினால் பட்டத்தில் டேவிஸ் என்றுதான் இருக்கும். முதல் இரண்டு வருடம் எங்கே படித்தாள் என்று அதில் எழுத மாட்டார்கள்.

ஒருவேளை அவளுக்கும் ஆராய்ச்சியைவிடத் தயாரிப்புப் பக்கம் மனசு போனால், கம்யூனிட்டி காலேஜிலேயே பயோமானுஃபாக்சரிங்கில் நான்கு வருடப் பட்டம் தரும் இடங்களும் கலிஃபோர்னியாவில் உண்டு: தெற்கே ஓஷன்சைடில் மிராகோஸ்டா, நம் பக்கம் சொலானோ. சொலானோவின் வகுப்புகள் வேகவில் பக்கம். அங்கேதான் ஜெனன்டெக் கட்டி, 2024-இல் லோன்சா என்ற நிறுவனம் 120 கோடி டாலருக்கு வாங்கிய பெரிய ஆலை இருக்கிறது. ஃப்ரீமாண்டிலிருந்து தினமும் காலை டிராஃபிக்கில் அங்கே போவதை என் எதிரிக்கும் சொல்ல மாட்டேன். அங்கேயே அறை எடுப்பதானால் வேறு விஷயம்.

வேறு மாநிலத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யூனிட் கட்டணம், டேக் எல்லாம் கலிஃபோர்னியாவுக்கு மட்டும். வட கரோலினாவில் பயோவொர்க் என்ற குறுகிய பயிற்சி கம்யூனிட்டி காலேஜ்களில் நடக்கிறது. கிளேட்டனில் நோவோ நார்டிஸ்க், கிரிஃபோல்ஸ் என்ற மருந்துக் கம்பெனிகளின் ஆலைகள் இருக்கும் பக்கம் அதற்கு மதிப்பு உண்டு. நாடு முழுவதற்கும் இன்னோவேட்பயோ என்ற மையம், ஆஸ்டின் கம்யூனிட்டி காலேஜைத் தலைமையிடமாகக் கொண்டு, எந்த ஊர்க் காலேஜில் என்ன பயோடெக் படிப்பு என்று தொகுத்து வைத்திருக்கிறது.

கடைசியாக, சகோதரி, ஒரே வகுப்பில் உட்காருவது பற்றி. ஒரு பாடத்துக்கு மட்டும் சரி என்பேன்: பயோடெக் அறிமுகப் பாடம். உங்களுக்கு அது சர்டிபிகேட்டில் வரும். அவளுக்கு இந்தத் துறை உண்மையிலேயே பிடிக்கிறதா என்று ஒரு செமஸ்டரில் தெரிந்துவிடும், கெமிஸ்ட்ரிக்கும் இடைஞ்சல் இல்லை. வயதை நினைத்துக் கூச வேண்டாம். அந்த வகுப்பில், அதுவும் மாலை வகுப்பாக இருந்தால், பட்டம் வாங்கி வேறு வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் உங்களைத் தவிரவும் இருப்பார்கள். ஆனால் அம்மா பக்கத்தில் உட்காருவதில் அவளுக்குச் சம்மதமா என்று முதலில் கேளுங்கள், பதினேழு வயதுப் பிள்ளை. சம்மதித்தாலும் லேப் பார்ட்னராக மட்டும் சேராதீர்கள். அவள் தடுமாறினால் பிப்பெட்டை உங்கள் கை தானாக வாங்கிவிடும், அவள் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள்.